ஃபிரிட்ஜுக்குள் ஒரு பூந்தோட்டம்!

இந்த வாரம் பூ மேட்டர். ரோஜாவை நீட்டி லவ் சொல்ற மேட்டர் இல்லை பாஸ், அதுக்கு வேற பக்கம் இருக்கு. இது பூ வளர்க்கிற மேட்டர். அதுவும் நர்சரியில் ரெடிமேடா தொட்டி வாங்கி இல்லை, சுத்தமா விதையில் இருந்து!

ஹீரோயின் பெயர் கொலம்பைன். நம்ம ஊர் பூக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பொண்ணு. லத்தீனில் 'கொலம்பா' என்றால் புறா. பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஐந்து புறாக்கள் வட்டமா உட்கார்ந்து தலையைக் குனிஞ்சு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குமாம். அதனால் அந்தப் பெயர். தாவரவியல்காரர்கள் இதையே 'அக்விலீஜியா' என்கிறார்கள். 'அக்விலா' என்றால் கழுகு. ஒவ்வொரு இதழுக்குப் பின்னாலும் வளைஞ்சு நீண்டிருக்கிற குழாய், கழுகின் நகத்தை ஞாபகப்படுத்துகிறதாம். ஒரே பூ, ஒருத்தர் கண்ணுக்குப் புறா, இன்னொருத்தர் கண்ணுக்குக் கழுகு!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1899-லேயே இதைத் தன் மாநில மலராக்கிவிட்டது. 'அப்போ ஃபாரின் பூவா?' என்று உதட்டைப் பிதுக்காதீங்க. நம்ம காஷ்மீர், ஹிமாச்சல் பக்கத்து மலைச்சரிவுகளிலும் இதன் சொந்தக்காரப் பூக்கள் தானா வளர்கின்றன. பாஸ்போர்ட் பார்த்தால் இதுவும் இந்தியப் பிரஜைதான்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. எங்க ஊர் திருத்தணியில் விதை போட்டு இதை வளர்க்க முடியுமா?

பதிலை இப்பவே சொல்லிடறேன், சஸ்பென்ஸ் எல்லாம் வேண்டாம். முளைக்க வைக்கலாம். பூக்க வைப்பது ரொம்ப ரொம்பக் கஷ்டம். ஆனா 'ஏன்?' என்று தோண்டிக்கொண்டே போனால், கொலம்பைனைவிட சூப்பரான ஒரு மேட்டர் மாட்டுது. அதுதான் இந்த வாரக் கச்சேரி.

வாலுக்கு ஒரு கோச்!

முதலில் அந்த வால் கதை. கொலம்பைன் இதழுக்குப் பின்னால் நீளும் குழாய்க்கு இங்கிலீஷில் 'ஸ்பர்' என்று பெயர். அதன் நுனியில்தான் தேன். உள்ளே வாய் எட்டுகிறவருக்கு மட்டும்தான் விருந்து. ஐரோப்பா, ஆசியாவில் வளர்கிற பல வகைகளுக்குக் குட்டை வால், விருந்தாளி வண்டுத்தேனீ. அமெரிக்காவில் சிவப்பு வகைகளுக்குக் கொஞ்சம் நீள வால், வர்றது ஹம்மிங் பறவை. வெள்ளை, மஞ்சள் வகைகளில் சிலவற்றுக்கு மகா நீள வால், அங்கே வர்றது நீளமான உறிஞ்சுகுழல் வைத்த பருந்து அந்துப்பூச்சி. ஆள் மாற மாற வாலும் நீண்டிருக்கிறது என்று 2007-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரையே வந்தது.

இந்த வாலை முளைக்க வைக்கிற முக்கியமான ஜீனை 2020-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர் தெரியுமா? 'பாப்பவிச்'. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற பாஸ்கெட்பால் டீமுக்கு ரொம்ப வருஷம் கோச்சா இருந்தவர் கிரெக் பாப்பவிச். ஸ்பர்ஸை வளர்த்தவர் ஆச்சே, அதனால் ஸ்பரை வளர்க்கிற ஜீனுக்கும் அவர் பெயர்! விஞ்ஞானிகளும் கடைசி பெஞ்சில் இருந்து வந்தவர்கள்தான் போல.

வெயிலுக்கு பெயர் போன ஊர்

இப்போ எங்க ஊருக்கு வாங்க. சென்னையில் இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு, அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. முருகனுடைய அறுபடை வீட்டில் ஒண்ணு. மலை ஏற 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரைக்கும் எங்க ஊரே ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் இன்னிக்கும் இங்கே டீக்கடையில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பிச்சு தெலுங்கில் முடிக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

கோடையில் டி.வி. வானிலை அறிக்கையைப் பாருங்க. அதிக வெயில் அடித்த ஊர்ப் பட்டியலில் வேலூருக்கும் எங்களுக்கும் எப்பவும் கடும் போட்டி. 40 டிகிரி எல்லாம் எங்களுக்கு சர்வ சாதாரணம். மார்கழியில் குளிரும்தான். ஆனா அது மஃப்ளர் குளிர், ஃபிரிட்ஜ் குளிர் இல்லை.

கொலம்பைன் விதைக்கு வேண்டியது ஃபிரிட்ஜ் குளிர்!

விதைக்குள்ளே ஒரு சர்க்யூட்

ஏன் குளிர் வேணும்? இங்கேதான் இன்ஜினீயரிங் பசங்களுக்கு செம தீனி.

குளிர் நாட்டில் கொலம்பைன் விதை கோடையில் உதிரும். உதிர்ந்த உடனே முளைத்தால் என்ன ஆகும்? ரெண்டு இலை விடுறதுக்குள்ள பனி வந்து மூடிடும், குஞ்சுச் செடி காலி. அதனால் விதை ஒரு தந்திரம் பண்ணுது. 'குளிர்காலம் வந்து போச்சுன்னு உறுதியா தெரியற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்' என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்குது. இன்னொரு விஷயம், விதை உதிரும்போது உள்ளே இருக்கிற கரு முழுசா வளர்ந்திருக்காது. அதுக்கும் டைம் தேவை.

உள்ளே நடப்பது ரெண்டு ஹார்மோன்களுக்குள்ள சண்டை. 'அப்சிசிக் அமிலம்' என்பது பிரேக், 'ஜிப்ரலின்' ஆக்ஸிலேட்டர். ஈரத்தோடு சேர்ந்த குளிரில் சில வாரம் கிடந்தால் பிரேக் மெல்ல மெல்லத் தளரும், ஆக்ஸிலேட்டர் வேலை செய்ய ஆரம்பிக்கும். அப்புறம் வெதுவெதுப்பு வந்ததும் விதை 'ஓகே, வசந்தம் வந்தாச்சு' என்று கண் திறக்கும்.

சில விதைகளுக்குக் குளிர் பத்தாது, வெளிச்சமும் வேணும். 1952-ல் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் லெட்யூஸ் கீரை விதையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிவப்பு வெளிச்சம் காட்டினால் முளைக்குது. அதுக்கப்புறம் சிவப்பையும் தாண்டிய தூரச்சிவப்பு வெளிச்சம் காட்டினால் முளைக்க மாட்டேங்குது. மறுபடி சிவப்பு, மறுபடி தூரச்சிவப்பு என்று மாத்தி மாத்திக் காட்டினாலும், கடைசியா எதைக் காட்டினாங்களோ அதுதான் செல்லுபடி! இ.சி.இ. மக்களே, இது அப்படியே நீங்க லேபில் மண்டையை உடைச்சுக்கிற ஃப்ளிப்-ஃப்ளாப்தானே? அந்த ஸ்விட்ச்சுக்கு 'ஃபைட்டோகுரோம்' என்று பெயர். கொலம்பைன் விதையும் வெளிச்சக் கட்சிதான். ஆழமா புதைத்தால் கோவிச்சுக்கும்.

தாமரை விதை இன்னொரு ரகம். அதன் பூட்டு வெளி ஓட்டில். தண்ணியே உள்ளே போக முடியாத அளவுக்கு இறுகிய ஓடு. வடகிழக்குச் சீனாவில் வறண்டு போன ஒரு ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதையை அமெரிக்காவில் முளைக்க வைத்தார்கள். அதன் வயது சுமார் 1,300 வருஷம் என்று 1995-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. நம்ம ஊரில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்துல உதிர்ந்த விதை பாஸ் அது! அத்தனை நூற்றாண்டும் அது செத்துப் போகலை. தண்ணி உள்ளே வர வழிக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகமொத்தம், விதை என்பது ஒரு 'ஆண்ட் கேட்'. ஈரம் இருக்கா? யெஸ். சூடு சரியா? யெஸ். வெளிச்சம்? யெஸ். குளிர்காலம் முடிஞ்சாச்சா? நோ. அப்போ அவுட்புட் ஜீரோ. ஒரே ஒரு இன்புட் குறைஞ்சாலும் மண்ணுக்கு மேலே ஒண்ணும் தெரியாது. அதைப் பார்த்து நாம 'விதை சொத்தை' என்று தொட்டியைக் கவிழ்த்துடுவோம்.

சரி, செஞ்சு பார்க்கலாமா?

குளிர்காலம் எங்க ஊருக்கு வராது. அதனால் குளிர்காலத்தை ஒரு டப்பாவில் செய்யணும். ஸ்டெப் பை ஸ்டெப்பா குறிச்சுக்கோங்க.

ஒண்ணு. விதையை இந்தியாவில் விற்கிற கடையிலேயே வாங்குங்க. ஃபாரின் மாமா சூட்கேஸில் ஒளிச்சுக் கொண்டு வர்ற பிசினஸ் வேண்டாம். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், நோய் இல்லை என்கிற தாவர நலச் சான்றிதழும் வேணும். அதுக்கென்று 2003-லேயே மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கு. ஒரு பாக்கெட் விதையோடு ஒரு புது நோயும் நாட்டுக்குள் வந்துடக் கூடாது இல்லையா?

ரெண்டு. சுத்தமான ஆற்று மணலை ஈரமாக்குங்க. பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரியணும். விதையை அதில் கலந்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போடுங்க. கவர் மேலே தேதி எழுதுங்க.

மூணு. அதை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைங்க. 4, 5 டிகிரி குளிர் போதும். ஃப்ரீஸர் கூடவே கூடாது. மூணு முதல் நாலு வாரம் அங்கேயே இருக்கட்டும். "தயிர் கிண்ணத்துக்குப் பக்கத்துல என்னடா மண்ணு?" என்று அம்மா கேட்பாங்க. "ப்ராஜெக்ட்மா" என்று சொல்லுங்க, நம்ம வீடுகளில் அந்த வார்த்தைக்கு இன்னும் மரியாதை இருக்கு. வீட்டில் சின்னப் பசங்க இருந்தா கவரைக் கை எட்டாத இடத்தில் வைங்க, கொலம்பைன் விதையில் விஷத்தன்மை உண்டு.

நாலு. அப்புறம் எடுத்து, தண்ணி தேங்காத மண்கலவையில் மேலாகத் தூவுங்க. மண் போட்டு மூடாதீங்க, லேசா அழுத்தினால் போதும். ஸ்பிரேயரில் பனி மாதிரி தண்ணி. 15 முதல் 20 டிகிரி சூட்டில் மூணு, நாலு வாரத்தில் முளை தெரியும். எங்க ஊரில் அந்த சூடு மார்கழி, தை மாத ராத்திரியில்தான் கிடைக்கும். ஸோ, கார்த்திகையில் ஃபிரிட்ஜுக்குள் போனால்தான் மார்கழியில் மண்ணுக்கு வர முடியும்.

இத்தனையும் சரியா செய்தால் முளை வரும். குட்டிக் குட்டியா, கொத்தமல்லித்தழையை ஞாபகப்படுத்துற இலையோடு. கை தட்டிக்கோங்க. ஏன்னா, அதுக்கப்புறம்தான் ட்விஸ்ட்.

விதையை ஏமாத்தலாம், செடியை?

முதல் வருஷம் கொலம்பைன் பூக்காது. இலை, வேர், இலை, வேர்... அவ்வளவுதான். ரெண்டாவது வருஷம்தான் பூ. அதுவும் பெரும்பாலான வகைகளுக்கு, நடுவில் செடியே ஒரு முழுக் குளிர்காலத்தைப் பார்த்திருக்கணும். விதைக்கு ஒரு குளிர், செடிக்கு இன்னொரு குளிர். விதையை ஃபிரிட்ஜில் வைத்து 'பனிக்காலம் போயிடுச்சு கண்ணு' என்று ஏமாத்திட்டோம். தொட்டியோட செடியை ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா? அதுக்கு முன்னாடி சித்திரையும் அக்னி நட்சத்திரமும் இருக்கே! எங்க ஊர் மே மாதத்தைத் தாண்டி ஒரு கொலம்பைன் செடி ஜூனைப் பார்த்தால் அதுவே பெரிய சாதனை. டிசம்பர், ஜனவரியில் புல் மேலே உறைபனி படியற ஊட்டிப் பக்கம் இருக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு சான்ஸ் அதிகம். நீங்க முயற்சி பண்ணலாம்.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தறேன். 'முதல் வருஷம் இலை மட்டும்' என்கிற வரியைப் படிச்சப்ப எனக்கு என் கிளாஸ் ஞாபகம் வந்துச்சு. தமிழ் மீடியத்தில் படிச்சு, வீட்டில் முதல் ஆளா காலேஜ் வாசலை மிதிச்சவங்க எங்க செட்டில் நிறையப் பேர். முதல் வருஷம் முழுக்க வாயே திறக்காம உட்கார்ந்திருப்பாங்க. இங்கிலீஷ் செமினார் என்றால் கை நடுங்கும். அவங்களைப் பார்த்து 'இது தேறாது' என்று தீர்ப்பு சொல்ல ஒரு கூட்டமே இருக்கும். ரெண்டாவது, மூணாவது வருஷத்தில் அதே ஆட்கள்ல சிலர் லேபில் மெஷினைப் பிரிச்சு மாட்டுறதைப் பார்க்கணும்! முதல் வருஷம் அவங்க சும்மா இல்லை பாஸ், வேர் விட்டுட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் இப்படி நடந்துடும் என்று நான் கதை விடலை. விதைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வேண்டியிருந்த மாதிரி, இவங்களுக்கும் ஏதோ ஒண்ணு தேவைப்பட்டது. சிலருக்கு ஒரு நல்ல சீனியர், சிலருக்குத் தமிழில் விளக்கிச் சொன்ன ஒரு மேடம். அது கிடைக்காம போனவங்களும் இருக்காங்க. தொட்டியைக் கவிழ்க்கறதுக்கு முன்னாடி, எந்த இன்புட் ஜீரோன்னு ஒரு தடவை செக் பண்ணலாமே என்பதுதான் என் பாயின்ட்.

சரி, பூவுக்கு வருவோம்.

காவடிக்கு கவுன்ட் டவுன்

கொலம்பைன் நம்ம மாடியில் பூக்காதுன்னா விதைப் பாக்கெட்டை மூடி வைக்கணுமா? எதுக்கு? எங்க ஊரே பூவுக்குப் பேர் போன ஊர். ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாருங்க. தோள் தோளா பூக்காவடி. மலை அடிவாரத்தில் இருந்து 365 படியிலும் பூ நடந்து போற மாதிரி இருக்கும். அன்னிக்குப் பூ வாங்கினவங்களைக் கேட்டால் விலையையும் சொல்லுவாங்க, கூடவே பெருமூச்சும் விடுவாங்க.

அந்தக் காவடியில் மஞ்சளும் ஆரஞ்சுமா பந்து பந்தா இருக்கிறதே, துலுக்கச் சாமந்தி, அதை விதையில் இருந்து வளர்க்கிறது ஜுஜுபி. சிலர் செண்டுமல்லி என்பாங்க. எங்க எல்லையில் தெலுங்கு பேசறவங்களுக்கு அது 'பந்தி'. பெயர்ப் பஞ்சாயத்தில் மாட்டிக்காம இருக்க, கடையில் பூவைக் கையால் காட்டிக் கேட்பது உத்தமம். காவடியில் இவ்வளவு உரிமையா உட்கார்ந்திருக்கிற இந்தப் பூவின் பூர்வீகம் மெக்ஸிகோ பக்கம். அங்கே இருந்து கடல் தாண்டி வந்து, எங்க முருகனுக்கே செல்லப் பூவாகிடுச்சு!

கொலம்பைன் விதை பூட்டின வீடு என்றால், சாமந்தி விதை கதவே இல்லாத வீடு. குளிர் வேண்டாம், உரச வேண்டாம், ஒரு வாரத்துக்குள்ள முளைக்கும். கஷ்டம் முளைக்க வைக்கிறதில் இல்லை. சரியான நாளில் பூக்க வைக்கிறதில்தான் இருக்கு. ப்ராஜெக்ட் சப்மிஷன் தேதியில் இருந்து பின்னாடி எண்ணுவோமே, அதே டெக்னிக்.

ஆடிக் கிருத்திகை ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட்டில் வரும். சாமந்தி விதைத்து ஒரு மாதத்தில் நாற்று ரெடி. நாற்று நட்டு சுமார் 60 நாளில் பறிப்பு ஆரம்பம். மொத்தம் 90 நாள். ஸோ, விதைக்க வேண்டியது ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். அதாவது எங்க ஊர் வெயில் உச்சத்துக்குப் போற நேரம்! செமஸ்டர் எக்ஸாமும் அப்பத்தான். இதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான சேலஞ்ச்.

அதுக்கு வழி இருக்கு. நாற்றை மொட்டைமாடி வெயிலில் வளர்க்காதீங்க. கிணற்றடி, வேப்பமர நிழல், இல்லைன்னா பச்சை நிழல்வலைக்கு அடியில் தட்டில் விதைங்க. விதை மேலே மெல்லிசா மண் தூவினால் போதும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் வெயில் இறங்கினதும் ஒரு தடவை தண்ணி. ஜூன் முதல் வாரத்தில் தொட்டிக்கோ தரைக்கோ மாத்துங்க, மதியத்தில் வேண்டாம், சாயங்காலத்தில்.

நட்டு ஒரு மாதம் ஆனதும் ஒரு கொடுமையைச் செய்யணும். நல்லா நிமிர்ந்து நிற்கிற செடியின் உச்சிக் கொழுந்தைக் கிள்ளிப் போட்டுடணும்! மனசு வராதுதான். ஆனா உச்சியில் கொழுந்து இருக்கிற வரைக்கும் பக்கத்து மொட்டுகளை அது தலையெடுக்க விடாது. கிள்ளினால்தான் பக்கக் கிளை பிரியும், கிளைக்குக் கிளை பூ வரும்.

ஒரு காவடி முழுக்க மாடித்தோட்டத்தில் வளர்த்துடலாம் என்று கலர் கலரா ரீல் விட மாட்டேன். அதுக்கு நிலம் வேணும். ஆனா பத்துத் தொட்டி வைச்சா, காவடியில் ஒரு சரம் உங்க வீட்டுப் பூவா இருக்கும். அந்த ஒரு சரத்தைத் தூக்கிட்டுப் படியேறுறவரோட முகத்தைப் பாருங்க, புரியும்.

அப்பாவைப் போல பிள்ளை இல்லை

பறிச்சது போக நாலஞ்சு பூவைச் செடியிலேயே காய விடுங்க. காய்ந்த பூவைப் பிரிச்சால் உள்ளே கறுப்பு ஊசி மாதிரி, நுனியில் வெளிர் குஞ்சம் வைத்த விதைகள். 'ஆஹா, அடுத்த வருஷத்துக்கு விதை ஃப்ரீ!' என்று துள்ளுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாருங்க. 'எஃப்1 ஹைப்ரிட்' என்று போட்டிருந்தால் கதை வேற. ரெண்டு தனித்தனி வம்சத்தைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறை அது. அதனால்தான் எல்லாச் செடியும் ஒரே சைஸ், ஒரே கலர். அதன் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறையில் தாத்தா, பாட்டி குணமெல்லாம் பிரிஞ்சு வரும். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு பந்து, ஒண்ணு சொங்கி. மெண்டல் 1866-லேயே பட்டாணியை வைத்துப் போட்ட கணக்குதான்.

பூ வித்துப் பிழைக்கிற விவசாயிக்கு இது விளையாட்டு இல்லை. சந்தையில் ஒரே மாதிரி பூவுக்குத்தான் விலை. அதனால் ஹைப்ரிட் போட்டவர் ஒவ்வொரு போகத்துக்கும் விதைக்குப் புதுசா காசு எடுத்து வைக்கணும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நாட்டு ரகம் வாங்கி, நல்ல செடியாப் பார்த்து விதை எடுத்து வைத்தால் வருஷா வருஷம் கைவசம் விதை. சும்மா சொல்லக் கூடாது, கொலம்பைனும் இந்த விஷயத்தில் சாமந்திக்குப் பங்காளிதான். பக்கத்து வகையோடு சகஜமா கலந்துடும். நீலப் பூவில் எடுத்த விதை நீலமாத்தான் பூக்கும் என்பதற்கு கேரன்டி கார்டு கிடையாது.

கடையில் கிடைக்காத பூ

கடைசியா, எங்க ஊரின் உண்மையான வி.ஐ.பி. பூ. நீலோற்பலம். கருங்குவளை என்றும் சொல்வாங்க. தெலுங்கில் அல்லி வகைப் பூக்களைக் 'கலுவ' என்பாங்க. குவளை, கலுவ... காதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இல்லை?

தணிகை மலையில் இந்திரன் சுனை அமைத்து நீலோற்பலம் வளர்த்து முருகனைப் பூஜித்தான் என்கிறது தலபுராணம். காலைக்கு ஒண்ணு, உச்சிக்கு ஒண்ணு, மாலைக்கு ஒண்ணு என்று நாளுக்கு மூணு பூ பூத்ததாம். தேவர்களுக்கு ராஜா, எல்லாத்தையும் ஆர்டர் போட்டே வாங்கக்கூடிய ஆள், பூவை மட்டும் தானே வளர்த்திருக்கார் பாருங்க! ஆனா இன்னிக்கு ஊர் முழுக்கப் பூக்கடை, எத்தனை பேர் அந்தப் பூவைக் கையில் வைத்துப் பார்த்திருக்கோம்? நீலோற்பலத்தைச் சுட்டுகிற நீல அல்லி, இலங்கையின் தேசிய மலர். பக்கத்து நாடு கொடியேற்றிக் கொண்டாடற பூவை, அதுக்குச் சொந்தக் கதை வைத்திருக்கிற ஊர்க்காரங்க நாம மறந்துட்டோமே என்கிற ஆதங்கம்தான் எனக்கு.

பொதுவா இதைக் கிழங்கில் இருந்து வளர்ப்பாங்க, சுலபம். நாம விதைக் கட்சி ஆச்சே! இதன் பூட்டு இன்னும் வித்தியாசம். பூ வாடியதும் காம்பு சுருண்டு காயைத் தண்ணிக்குள் இழுத்துக்கும். காய் தண்ணிக்கடியிலேயே பழுத்து வெடிக்கும். கடுகைவிடச் சின்ன விதைகள் பஞ்சு மாதிரி ஒரு உறையோடு மேலே மிதந்து, கொஞ்ச தூரம் படகு ஓட்டி, உறை கரைஞ்சதும் அடியில் போய்ச் சேரும். அதனால் விதை வேணும்னா, காய் வெடிக்கிறதுக்கு முன்னாடியே மெல்லிசான வலைத்துணியில் கட்டி வைக்கணும். ஏரியிலோ யாரோட குளத்திலோ எடுக்கறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க. கோயில் சுனைப் பக்கம் கையே நீட்டாதீங்க.

அகலமான தட்டில் களிமண் கலந்த தோட்டத்து மண் போடுங்க. எரு வேண்டாம், தண்ணி நாறிடும். விதையைத் தூவி, மேலே ஒரு சிட்டிகை மணல். ஒண்ணு, ரெண்டு இன்ச் தண்ணி நிற்கிற மாதிரி ஊற்றி நல்ல வெளிச்சத்தில் வைங்க. இதுக்கு வேண்டியது வெதுவெதுப்பு. 25, 30 டிகிரி. அட, நம்ம ஊர்! கொலம்பைனுக்கு வில்லனா இருந்த அதே சூடு, இங்கே ஹீரோ. முளை வந்து இலை நீண்டதும் கொஞ்சம் கொஞ்சமா ஆழம் கூட்டி, பெரிய தொட்டிக்கு மாத்துங்க. கொசு வராம இருக்க ரெண்டு கப்பி மீன். சில மாதம் பொறுமை வேணும், தினமும் அஞ்சாறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். வெயிலுக்கு எங்க ஊரில் பஞ்சமா என்ன?

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். இந்த நீல அல்லி காலையில் விரிஞ்சு, மதியத்துக்கு மேல் மூடிக்கும். புராணத்துப் பூவோட டைம்டேபிள் வேற, நம்ம தொட்டிப் பூவோட டைம்டேபிள் வேற. அதனால் முதல் பூ விரியற அன்னிக்கு, ஹாஸ்டல்வாசிகளே, ப்ளீஸ், பத்து மணி வரைக்கும் தூங்காதீங்க!

விதை போட்டவங்க எல்லாம் எழுதுங்க. முளைச்சா சொல்லுங்க, முளைக்கலைன்னாலும் சொல்லுங்க. எந்த இன்புட் ஜீரோன்னு சேர்ந்து உட்கார்ந்து தேடுவோம். அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட பார்க்கலாம். பை!